காலித் தட்டைக் காண வருபவர்

மஞ்சக்குப்பத்தில் ராபர்ட், ஜெயராணி தம்பதியரின் வீட்டு வாசலில், சென்ற ஆடி மாதம் முதல் நாள்தோறும் இரவு உணவு வேளையில், சாக்கு ஏந்திய ஜெர்மானியர் ஒருவர் வந்து நிற்கிறார். செவிலியரான ஜெயராணி, ஜெர்மனியில் பணியில் சேரும் பொருட்டு, விடுமுறை நாள்களில் சிதம்பரத்தில் ஒரு வகுப்புக்குப் பேருந்தேறிச் சென்று ஜெர்மன் மொழியைப் பயின்று வந்தார். எளிய நடை என்பதால், அந்நாட்டுப் பழைய சிறுவர் கதைகளை உரக்க வாசிக்குமாறு அங்குப் பணித்திருந்தனர். அக்கதைகளில், கஞ்சியை மிச்சம் வைக்கும் குழந்தையைச் சாக்குக்காரர் கொண்டு செல்வார், குழந்தை திரும்புவதில்லை, பெற்றோர் மறுநாள் அதன் படுக்கையை வெயிலில் உலர்த்திவிட்டு வேலைக்குச் செல்வர். நம் ஊரில் பூச்சாண்டியை வீட்டுக்கு வீடு அழைத்தும் அவர் ஒருநாளும் வந்ததில்லை. அந்தத் துணிவில், நான்கு வயது மகள் இசைவாணி ரசம் சோற்றைத் துப்பியபோது, பயிற்சியாகவும் இருக்குமே என்று ஜெயராணி சாக்குக்காரரை ஜெர்மன் மொழியில் அழைத்துவிட்டார். அவர் வந்தார்.

"ஐயோ, சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க," என்றார் ஜெயராணி, முதலில் தமிழிலும் பிறகு இயன்றவரை ஜெர்மனிலும். குழந்தையிடம் பொய்யா சொன்னீர்கள் என்று ஜெர்மானியர் மிகுந்த வருத்தத்துடன் வினவினார்.

"ஆறு மாசமா கிளாசுக்குப் போயி என்னாத்த கத்துக்கின? பேசி அனுப்பு அந்தாள," என்று ராபர்ட் கத்தினார்.

"எம் புள்ளயும் சாப்புட மாட்டேங்குது, முடிச்சதும் இந்தப் பக்கம் அனுப்புக்கா," என்றார் பக்கத்து வீட்டுக் கொளஞ்சி, மதில்மேல் எட்டிப்பார்த்து.

அதற்குள் இசைவாணி இடுப்புவரை சாக்கினுள் இருந்தாள். ஜெயராணி தட்டைப் பறித்து, மிச்சச் சோற்றை அள்ளி விழுங்கினார். காலித் தட்டைக் கண்ட ஜெர்மானியர் குழந்தையை இறக்கிவிட்டு, சாக்கை மடித்துக்கொண்டு, வணங்கி விடைபெற்றார். ஒருமுறை அழைத்தால் மறுமுறை அழைக்கத் தேவையில்லை என்பது அக்கதைகளின் வழக்கமாதலால், மறுநாளும் வந்தார்.

தட்டை யார் காலி செய்தாலும் அவருக்குச் சம்மதமே. ஜெயராணி இரவுப் பணியை விட்டார். அம்மா உண்பார் என்று அறிந்துகொண்ட இசைவாணி வாய்க்கு வாய் முகத்தைத் திருப்பினாள். ஜெயராணியின் சீருடையைப் பிரித்துப் பெரிதாகத் தைக்க வேண்டியதாயிற்று. தை மாதம் ஜெயராணி மொழித் தேர்வில் தேர்ச்சி பெற்றார். பங்குனியில் பணி ஆணையும் விமானச் சீட்டும் வந்தன. தட்டை இனி நீங்கள்தான் காலி செய்ய வேண்டும் என்று கணவரிடம் வேண்டினார்.

"புள்ள எச்சிய நான் துன்றதா? அதெல்லாம் அம்மாவுங்க வேல."

"அப்ப அவன் தூக்கினு போனா பரவால்லியா?"

"நீ போவாத. அவ்ளோதான்."

விமானம் புறப்பட்ட வேளையில், ஜெயராணி வாசலுக்கு முதுகு காட்டி அமர்ந்து, ஆறிப்போன பருப்புச் சோற்றை வழித்து உண்டுகொண்டிருந்தார். ஜெர்மானியருக்குக் கால் வலிக்குமே என்று, அன்று ராபர்ட் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்து போட்டார். இப்போதெல்லாம் அவர் உட்கார்ந்தே காத்திருக்கிறார்.