பின்வாசல் பூட்டு

1

"பின்வாசலத் திறந்து விடுங்க சார்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் கேட்ட இந்த ஒரு வரியிலிருந்துதான் கதை வந்தது. 'நான்' என்று எழுதினால் கத்த ஆரம்பித்துவிடுவேன், அதனால் 'அவள்'. பெயர் லட்ரீஸ். கறுப்பினப் பிள்ளைகளுக்கான டனவே கல்லூரியின் வரலாற்றை எழுத அமர்த்தப்பட்டவள். கல்லூரியின் பின்வாசலை ஒட்டிய பைன் பாட்டம் தெருக்காரி. வீட்டில் முதல் பட்டதாரி.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: 'அலபாமாவின் செம்மண்ணில் அறிவு விளக்கு ஏற்றிய...' அடித்துவிட்டேன். விளக்குக்கு முன்னால் எரிந்தது அடுப்பு.)

அடிமைத்தளை அறுந்த கையோடு பிள்ளைகள் படிக்க வந்தபோது கல்லூரியில் சமையற்கட்டே கிடையாது. துணி வெளுத்துப் பிழைத்த பைன் பாட்டத்துப் பெண்கள்தான் சோள ரொட்டியும் கீரையும் போட்டார்கள். அதிலிருந்து வந்த வழக்கம்: பட்டம் வாங்கியவர்கள் பின்வாசல் வழியாக வெளியேற வேண்டும். தெரு சட்டி தட்டி வரவேற்கும். முதல் சாப்பாடு அங்கேதான்.

இப்போது சில ஆண்டுகளாக அந்த வாசலில் பூட்டு. கேட்டால், பாதுகாப்பு.

3

"தெருக்காரங்களே அந்த வழக்கத்த விட்டுட்டாங்கன்னு எழுதும்மா. ஒரே வரி," என்றார் கல்லூரித் தலைவர் ரட்லெட்ஜ்.

"யாரு விட்டா? போன வருசமும் எங்க தெரு மிஸ் வெர்டல் சட்டியோட நின்னாங்க. ஆளு வரல, பூட்டப் பாத்துத் தட்டிட்டுப் போனாங்க."

"எனக்குத் தெரியாதா? நான் பட்டம் வாங்கினப்போ அவங்க வீட்டுலதான் மீன் சாப்பிட்டேன்."

"அப்புறம் என்ன? பின்வாசலத் திறந்து விடுங்க சார்."

"அப்போ நான் தலைவரா இல்ல." குரலைத் தணித்தார். "உனக்கு நிரந்தர வேலை போட்டிருக்கேன். வாயக் கட்டு."

[இவரை வில்லனாக்கப் பார்த்தேன். வரவில்லை. வெள்ளையர் கல்லூரிக் கொண்டாட்டத்தில் கார்க் கண்ணாடி உடைந்தால் அது குறும்பு. எங்களிடம் உடைந்தால் அது ரவுடித்தனம், நன்கொடை நிற்கும். அவர் பயம் நிஜம். அந்தப் பயத்தைக் கொண்டுபோய் எங்கள் தெருமேல் பூட்டியதும் நிஜம்.]

4

முடிவு ஒன்று: அவர் கண் கலங்கிச் சாவியை நீட்ட... பொய்.

முடிவு இரண்டு: அவள் அந்த வரியை எழுதி, வேலையில் சேர்ந்து, உள்ளே இருந்தே மெல்ல மாற்றி... இதைச் சொல்லித்தான் எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். அன்று பட்டமளிப்பு. ஊர்வலத்தின் முன்னால் கொடி பிடிக்க வேண்டியவள் அவள்.

"முன்வாசல் பக்கம், லட்ரீஸ். கேமராக்காரங்க அங்கதான் நிக்கிறாங்க," என்றார் ரட்லெட்ஜ்.

"அந்த வரிய எழுத மாட்டேன் சார். வேலைய வேற யாருக்காவது குடுங்க. கொடி போற பக்கந்தான் பிள்ளைங்க வரும்."

வருவார்களா, பூட்டு என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். கொடிக்குப் பின்னால் நிற்கப்போவது நீங்கள், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கொடிக்கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தாள்.