பழைய துப்பாக்கியின் மேல் பழி

குறி தப்பியதற்கு முதலில் காற்றின் மேல் பழி போட்டார். காற்றுக்குப் பேர்போன ஆரல்வாய்மொழியில் குடியிருந்துகொண்டு காற்றைக் குறை சொன்னால் யார் மறுக்க முடியும்? பிறகு ஈயக்குண்டு மட்டமான சரக்கு என்றார். வேறு வாங்கினோம். அப்புறம் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு என்றார். கடைசியில் துப்பாக்கியே கொள்ளாது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று வந்து நின்றார் என் வீட்டுக்காரர் ஆன்ட்ரூஸ்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கல்லூரியில் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவள். கல்யாணமான புதிதில் அதைச் சொன்னபோது இவர் நம்பாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை அடக்குவதற்கென்றே ஒரு ஏர் ரைஃபிள் வாங்கினேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு எழுந்ததும் வீட்டுப் பின்வளவில் அட்டை வைத்துச் சுடுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. பத்து மீட்டர் தள்ளி மண் நிரப்பிய ஒரு தகரப் பெட்டி, அதன் முகத்தில், நடுவே கறுப்பு வட்டம் போட்ட அட்டை. தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். பெரும்பாலும் அவர்தான் கழுவினார். அதற்காக மோசமாகச் சுடுகிறவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னோடு போட்டி போட்டால் யாருக்கும் அதுதான் கதி.

அவர் கை நல்ல கை. ஊருக்குள் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். ஆன்ட்ரூஸ் சார் குத்தினால் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது என்று கணவாய்க்கு அந்தப் பக்கம் பணகுடியிலிருந்துகூடக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இந்த வருடம் அந்தக் கை மாறிவிட்டது. சும்மா மடியில் கிடக்கும்போது வலது பெருவிரல், ஆட்காட்டி விரலோடு உரசிக்கொண்டே இருக்கும். மாவு உருட்டுவதுபோல. நான் பார்த்தால் கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வார். கோயிலுக்குப் புறப்படும்போது சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவார். போன வாரம் ஒரு கைக்குழந்தைக்கு மூன்று முறை குத்தியும் ரத்தம் கிடைக்கவில்லை என்று, அவரிடம் வேலை பார்க்கும் ரெனிஷா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். அவரிடம் கேட்டேன். ஊசி மட்டம் என்றார். அங்கே ஊசி, இங்கே துப்பாக்கி.

டாக்டரிடம் போவோம் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "எனக்கு ஒண்ணும் இல்லட்டி, சும்மா கெட" என்று என் வாயை அடைத்துவிடுவார். ஒரு விசிலில் மைதானத்தையே நிறுத்துகிறவள் நான். இவரிடம் என் சத்தம் எடுபடவில்லை. உள்ளதைச் சொன்னால் எனக்கும் பயம்தான். டாக்டர் வாயிலிருந்து நோயின் பெயர் ஒன்று வந்துவிட்டால் பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

என் தம்பி எபிசனுக்குக் காற்றாலைக் கம்பெனியில் வேலை. அவனிடம் புதுமாதிரித் துப்பாக்கி ஒன்று இருந்தது. இரண்டையும் வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். எனக்கு அவன் மேல் எரிச்சலாக வந்தது.

"இது பிசிபி, அத்தான். காத்த முன்னாடியே பம்பு வச்சு அடைச்சிரணும். பின்ன ஒவ்வொரு குண்டுக்கும் குழல மடக்கிட்டுக் கெடக்க வேண்டாம். உதைக்கவும் செய்யாது."

"எடை கூடுதலோ?"

"கொஞ்சம் உண்டு. ஆனா கையில வச்சா பாறை மாதிரி அசையாம இருக்கும், கேட்டியளா."

எங்கள் பழையது ஸ்பிரிங் துப்பாக்கி. குண்டு குழலை விட்டு வெளியே போவதற்குள் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒரு குலுக்குக் குலுக்கும். பயந்து இறுக்கிப் பிடித்தால் போச்சு, குண்டு கண்ட இடத்துக்கும் போகும். உள்ளங்கையில் சும்மா படுக்க வைத்து, அது குலுங்குகிறபடி குலுங்க விட வேண்டும். இது பிடிபட இவருக்கு ஒரு வருடம் ஆனது. புதியதற்கு அந்தச் சங்கடம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பிழையாகப் பிடித்தாலும் அது பொறுத்துக்கொள்ளும்.

அவர் முதலில் புதியதில் ஐந்து குண்டு சுட்டார். கொஞ்சம் கலைந்துதான் விழுந்தன. ஆனால் எல்லாம் அட்டைக்குள் இருந்தன. அடுத்து பழையதில் ஐந்து. ஒன்று கறுப்பு வட்டத்துக்கு அருகே, ஒன்று அட்டையின் மூலையில், இரண்டு எங்கேயோ. கடைசிக் குண்டு தகரத்தின் விளிம்பில் பட்டு 'டங்' என்றது.

"பாத்தியா ஷைஜா? நான் சொன்னேன்லா. இந்தச் சவம் கேடு."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மாதக்கணக்காகத் தேடிய பொருள் கிடைத்ததுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. குண்டு டப்பாவை எடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

என் தம்பிக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. "ஒருத்தர் மட்டும் சுட்டாப் போராது, அத்தான். அக்கா பழையதுல சுடட்டும். அவளுக்கும் செதறிச்சுன்னா துப்பாக்கிதான் கேடு. சேந்து விழுந்துதுன்னா..." என்றவன், அத்தானின் கையைப் பார்த்துவிட்டு மேலே பேசவில்லை.

"சுடு" என்றார் அவர். வலது கை பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

துப்பாக்கிக்கு ஒரு கேடும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் அவர் வேலைக்குப் போயிருந்தபோது தனியாகச் சுட்டுப் பார்த்திருந்தேன். ஐந்தும் ஒரு பொட்டு அளவுக்குள் விழுந்திருந்தன. இப்போதும் அப்படிச் சுட்டால் பழி போட மீதியிருப்பது அவர் கை ஒன்றுதான். என் தம்பி பார்த்துக்கொண்டிருக்க, என் புருஷனுக்கு நோய் என்று நான் துப்பாக்கியை வைத்துச் சொல்ல வேண்டுமா? நான் அப்படிப்பட்டவள் இல்லை. வேண்டுமென்றே தப்பாகச் சுடுவதென்று முடிவு செய்தேன்.

தப்பாகச் சுடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லாம் ஒரே பக்கமாக விலகினால், குறிபார்க்கும் சைட்டைத் திருகினால் சரியாகிவிடும் என்று எபிசன் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சிதற வேண்டும். முதல் குண்டை வட்டத்துக்கு மேலே விட்டேன். அடுத்தது கீழே. பிறகு இடப்பக்கம், வலப்பக்கம். கடைசியாக மிச்சமிருந்த இடைவெளியில் ஒன்று. என் ஆயுளில் வேண்டுமென்றே குறியைத் தவறவிட்டது அன்றைக்குத்தான்.

"போச்சுக்கா. இது போச்சு" என்றான் எபிசன். அவன் குரலிலும் ஒரு நிம்மதி இருந்தது.

அட்டையை எடுக்க ஆன்ட்ரூஸ் தானே நடந்து போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தகரப் பெட்டியின் முன்னால் நின்றார். மதிலுக்கு அப்பால் காற்றாலைக் காத்தாடிகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அட்டையை எடுக்க இவ்வளவு நேரம் ஆகுமா என்று எனக்குத் தோன்றியது. திரும்பி வந்தபோது அட்டை அவர் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது.

"செரிதான். துப்பாக்கி போச்சு" என்றார்.

நாகர்கோவில் கடையில் சொல்லிவைப்பதாக எபிசன் சொன்னான். காப்பி குடித்துவிட்டுத் துப்பாக்கியோடு கிளம்பினான். அவனை வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார் இவர். நான் பாத்திரங்களைத் தொட்டியில் அள்ளிப்போட்டேன். அன்றைக்குத் தோற்றது நான் அல்லவா.

அடுக்களைக்குள் வந்தவர் என் முன்னால் மேடையில் அந்த அட்டையை வைத்தார். கையோடு கொண்டுவந்திருந்த குண்டு டப்பாவின் வட்ட மூடியை எடுத்து, நடுவில் கறுப்பு வட்டத்தின் மேல் கவிழ்த்தார். மூடியின் விளிம்பை ஒட்டினாற்போல் ஐந்து துளைகளும் வெளியே தெரிந்தன. ஒன்றுகூட உள்ளே இல்லை. ஒன்றுகூடத் தள்ளி இல்லை.

"தப்பாச் சுடணும்னு நெனச்சாலும் உனக்கு ஒழுங்காத்தான் வருது, இல்லியா?"

"என்னத்தச் சொல்லுதிய?" என்று குழாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"எனக்குச் செதறினது எப்படின்னு பாத்தல்லா? ஒண்ணு கிட்ட, ஒண்ணு தூர, ஒண்ணு தகரத்துல. துப்பாக்கி கேடுன்னா இப்படி வட்டமா விழாது, ஷைஜா."

மூடியை எடுத்து டப்பாவில் பொருத்தப் பார்த்தார். பொருந்தவில்லை. அப்படியே வைத்துவிட்டார்.

"அந்தப் பிள்ளைய மூணு குத்து குத்தினேன். நாலாவது ரெனிஷா எடுத்தா. பின்ன அதுக்க அம்மை காசு தரும்போது நான் கைய நீட்டினேன். பிள்ள என் கையப் பாத்துக் கத்திச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "ஊசி நல்ல ஊசிதான்."

சட்டைப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து இடது கையால் அழுத்தினார். "ரெனிஷா, நாளையில இருந்து நீதான் குத்தணும், மக்கா. நான் ரிப்போர்ட்டு பாத்துக்கிடுகேன்." மறுமுனையில் அவள் என்னவோ கேட்டாள். "ஒண்ணும் இல்ல. நாங்க காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று வைத்துவிட்டார்.

எத்தனை மாதமாக நான் கெஞ்சிய வார்த்தை அது. கேட்டதும் இவரை எங்கும் கூட்டிப்போக வேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது.

"நீ தள்ளு. இன்னைக்குத் தோத்தது நான்தான்."

பாக்கெட்டிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார். என் முன்னால் அதை ஒளிக்காமல் எடுத்து எவ்வளவு காலமாயிற்று. தம்ளரைப் பிடித்துக் குழாயின் கீழே நீட்டினார். தம்ளர் குழாயில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. என் ஈரக்கையை அவர் கைக்கு அடியில் கொடுத்தேன். இறுக்கிப் பிடிக்கத்தான் வந்தது. இறுக்கவில்லை. உள்ளங்கையில் படுக்க வைத்து, அது ஆடுகிறபடி ஆட விட்டேன். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் அழுதேன், அவரும் அழுதார். அப்படியே நின்று அந்த ஒரு தம்ளரைக் கழுவினோம்.