ஆறு பேர் வராத நாள்

அந்தக் கோர்ட்டில் ஜட்ஜ் யார் என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் விழிப்பார்கள். ரெக்கார்டு அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஜட்ஜுகள் வருவார்கள், இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போவார்கள். பழைய கட்டுகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குப் பத்தொன்பது வருடமாக அக்கா ஒருத்திதான். இந்தப் பத்தொன்பது வருடத்தில் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று அவள் ஒரு சீட்டுகூட எழுதிக் கொடுத்ததில்லை. அந்தச் சீட்டுப் புத்தகம் முதல் தாள் கிழியாமல் மேஜை இழுப்பறையில் கிடந்தது. வருகிறவர்களிடம் அதை எடுத்துக் காட்டுவாள். கொஞ்சம் கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், வேலை தெரிந்தவர்களுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அன்றைக்கு வந்தவள் ஒரு பஸ் கண்டக்டர். முப்பது வயது இருக்கும். வார லீவில் வந்திருந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை, நின்றே பழகிய உடம்பு. நகல் கேட்கும் படிவத்தை நிரப்பி நீட்டினாள். அதில் ‘வழக்கில் உள்ளவருக்கு என்ன உறவு’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“இத விட்டுட்டீங்களேம்மா.”

“அவசியம் எழுதணுமா?”

“குடும்ப வழக்குங்க. வழில போறவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுக்க முடியாது.”

கண்டக்டர் பேனாவைத் திறந்து, ‘எதிர்மனுதாரரின் மகள்’ என்று எழுதினாள். அக்கா வழக்கு விவரத்தைப் பார்த்தாள். மனுதாரர் ஒரு பெண், எதிர்மனுதாரர் அவள் கணவர். ஐந்து வயதுப் பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி ஒரு தாய் போட்ட வழக்கு. அந்தப் பிள்ளைதான் இப்போது எதிரே நிற்கிறது. அம்மாவின் மகள் என்றும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அக்கா ஏனென்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் தானாகச் சொல்லிவிடுவார்கள் என்பது அவள் அனுபவம்.

“அப்பா போன வருஷம் தவறிட்டார்,” என்றாள் கண்டக்டர். “அம்மா இருக்காங்க. இருக்காங்கன்னே போன மாசம்தான் தெரியும். நாளன்னிக்கு அவங்களுக்குக் கண்ணு ஆபரேஷனாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னைப் பார்க்கணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. எங்க அத்தை என்னடான்னா, ‘அவ உன்னை வேணாம்னு விட்டவ, கோர்ட்டுல கூப்பிட்ட அன்னிக்குக்கூட வந்து நிக்கல’ங்கறாங்க. சின்ன வயசுலேருந்து இதையேதான் கேட்டு வளர்ந்தேன். வந்தாங்களா இல்லையான்னு உங்க பேப்பர்ல இருக்கும்ல? வந்திருந்தா நாளைக்குப் போய்ப் பார்க்கறேன். வரலைன்னா எனக்கு டூட்டி இருக்கு.”

அக்கா அந்த வருடத்துப் பதிவேட்டை இறக்கித் தூசி தட்டினாள். பக்கத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ‘மனுதாரர் ஆஜராகவில்லை. மனு தள்ளுபடி.’ முத்து முத்தான கையெழுத்து. மூடி மறைப்பதற்குள் கண்டக்டர் தலைகீழாகவே படித்துவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் எழுதுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா!

“அத்தை பொய் சொல்லல,” என்று சிரித்தாள்.

வழக்குக் கட்டையாவது பார்ப்போம் என்றால் அதற்கும் வழியில்லை. தள்ளுபடியான வழக்குக் கட்டுகளைப் பன்னிரண்டு வருடத்தில் அழித்துவிடுவார்கள். இது அழித்தே பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்னறையிலிருந்து டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தான். “என்னக்கா, இன்னிக்குத்தான் அந்தச் சீட்டுப் புக்குக்குத் திறப்பு விழாவா?”

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் இருங்கம்மா. பஸ் எங்கயும் போயிடாது.”

“நான் விசில் அடிக்காம எப்படிப் போகும்?” என்றாள் கண்டக்டர். ஆனால் நின்றாள்.

அக்கா மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். இந்த முறை ஒரு வரியை அல்ல, பக்கம் முழுவதையும். அதே தேதியில் ‘ஆஜராகவில்லை, தள்ளுபடி’ என்று ஆறு வழக்குகள். முந்தின மாதம் முழுக்கத் தேடினாலும் இரண்டு தேறவில்லை.

“ஒரே நாள்ல ஆறு பேருக்கும் வயித்து வலியா?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூக்கில் வியர்த்துவிட்டது. இனி அவளைத் தடுக்க ஜட்ஜாலும் முடியாது.

கோர்ட்டின் நாட்குறிப்புகள் தனி அலமாரியில் இருந்தன. அந்தத் தேதியில் ஒரே வரி: ‘கூரை ஒழுகுவதால் விசாரணை இன்று பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடைபெற்றது.’ அக்கா ஆறு வழக்கு எண்களையும் ஒரு தாளில் எழுதினாள். ஆறிலும் வக்கீல் பெயர் இல்லை. தாங்களே வாதாடிக்கொண்டவர்கள். வக்கீல் வைத்திருந்தவர்களுக்கு வக்கீல் சொல்லியிருப்பார். இவர்களுக்குச் சொல்ல ஆள் ஏது?

“அறிவிப்பு ஒட்டியிருப்பாங்கள்ல?” என்றாள் கண்டக்டர்.

“அதைத்தான் தேடறேன்.”

ஆறில் ஐந்து கட்டுகள் அழிந்துபோனவை. ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. ஒரு பால்காரருக்கும் அவர் மனைவிக்கும் நடந்த வழக்கு. வீட்டுப் பங்கும் அதில் சேர்ந்திருந்ததால் அதை அழிக்கக் கூடாது என்பது விதி. மேல்தட்டில் ஏணி போட்டு ஏறி அக்கா அதை இறக்கினாள். இரண்டு பேர் சண்டை போட்ட வழக்குக்கு அது தலையணை அளவு பருமன். கயிற்றை அவிழ்த்ததும் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. பால்காரரின் தாள்களுக்குக் கீழே மற்ற ஐந்து பேரின் தாள்களும் உட்கார்ந்திருந்தன.

முதலில் ஒரு கூட்டு மனு. அதே தேதி, பிற்பகல். அக்கா வாய்விட்டுப் படித்தாள். “நாங்கள் ஆறு பேரும் காலை ஒன்பது மணி முதல் கோர்ட்டு வாசலிலேயே காத்திருந்தோம். இடம் மாற்றிய அறிவிப்பைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுக் கதவைப் பூட்டிச் சென்றுவிட்டார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.”

டைப்பிஸ்ட் சிரித்துவிட்டான். அக்கா முறைத்ததும் அடக்கிக்கொண்டான். ஜட்ஜ் ஆறு வழக்குகளையும் மறுபடி எடுத்துக்கொள்ள உத்தரவு போட்டிருந்தார். அதைப் பதிவேட்டில் ஏற்றினால் கதவுக் கூத்து அடுத்த தணிக்கையில் சந்தி சிரிக்கும். அதனால் அந்தக் கால குமாஸ்தா ஒன்றும் எழுதாமல், ஆறு பேரையும் ஒரே கட்டில் கட்டி மேலே ஏற்றிப் பூசி மெழுகிவிட்டார். அவர் மானம் தப்பியது. ஒரு பிள்ளை இருபத்தைந்து வருடம் தாயை வெறுத்தது. அக்காவுக்கு அந்த மனுஷன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

ஆறு கையெழுத்துகளில் ஐந்தாவது கண்டக்டரின் அம்மாவுடையது, கீழே ஊர்ப் பெயரோடு. கண்டக்டர் அதன்மேல் விரலை வைத்தாள். “அந்த ஊர்லேருந்து இங்க வர ரெண்டு பஸ் மாறணும்,” என்றாள் மெல்ல. “ஒன்பது மணிக்கு இங்க நிக்கணும்னா முதல் வண்டியைப் பிடிச்சிருக்கணும். அது அஞ்சரைக்கு.”

“இன்னும் இருக்கும்மா.”

அந்தத் தாள்களுக்குப் பின்னால் பழுப்பேறிய உறைகள் கோத்துக் கிடந்தன. அப்பாவுக்கு அனுப்பிய சம்மன்கள், போய்ச் சேராமல் திரும்பியவை. நாலு வருடத்தில் ஒன்பது. ஒவ்வொன்றின் மேலும் தபால்காரர் எழுதியிருந்தார்: ‘வீடு மாறிச் சென்றார்.’ அக்கா அவற்றைத் தேதி வாரியாக மேஜையில் பரப்பினாள். கண்டக்டர் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னாடி, மாடி,” என்று முதல் உறையைப் படித்தாள். “இங்கதான் எனக்கு முதல் பல்லு விழுந்துச்சு. இது மருந்துக்கடைக்கு மேல. ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணினோம், என் சைக்கிள்கூட அங்கயே நின்னுபோச்சு. இது ரயில்வே கேட்டு வீடு.” அடுத்த உறையை எடுத்தாள். “வருஷத்துக்கு ரெண்டு வீடு ஏன் மாத்தறோம்னு அப்பாகிட்ட கேட்பேன். வாடகை ஜாஸ்தின்னு சொல்வார். நல்லாத்தான் வளர்த்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனா இதைச் சொல்லலை.”

“ஒவ்வொரு விலாசத்தையும் உங்கம்மாதான் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்காங்க,” என்றாள் அக்கா. “கோர்ட்டு தேடாதும்மா. மனு போட்டவங்கதான் அலையணும்.”

கடைசித் தாளில் நாலே வரி. எதிர்மனுதாரர் இருக்குமிடம் தெரியாததால் வழக்கை நிறுத்திவைப்பதாக உத்தரவு. அதன் ஓரத்தில், உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துக்கு மேலே, கோணல்மாணலாக அம்மா எழுதியிருந்தாள்: ‘விலாசம் கிடைத்ததும் திரும்ப வருவேன்.’

கண்டக்டர் அழுதாள். அழுதுகொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நாலு வருஷம். ஒன்பது வீடு. தனியா ஒரு பொம்பளை, வக்கீல்கூட இல்லாம!” என்றாள். அந்தக் குரலில் இருந்தது துக்கம் மட்டுமல்ல. பஸ் நிறைய ஆட்கள் இருந்திருந்தால் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். “எங்கம்மாவைப் பத்தி எங்க அத்தைக்கு என்ன தெரியும்?”

டைப்பிஸ்ட் சத்தமில்லாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அக்கா சீட்டுப் புத்தகத்தை இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் தன் பெருமையெல்லாம் அந்த ஐந்தாவது கையெழுத்துக்காரியின் பெருமைக்கு முன்னால் எம்மாத்திரம் என்றும் பட்டது.

“எதுக்கெல்லாம் நகல் வேணும்?” என்று கேட்டாள்.

“எல்லாத்துக்கும். உறைங்களுக்கும் சேர்த்து. நாளைக்கு முதல் வண்டில கொண்டுபோகணும்.”

“சாயங்காலத்துக்குள்ள தர்றேன்.”

“அந்தப் படிவத்தைக் கொஞ்சம் குடுங்கக்கா.”

அக்கா கொடுத்தாள். கண்டக்டர் உறவுக் கட்டத்தில் தான் எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தாள். மேலே, கட்டத்துக்கு வெளியிலும் வழிகிற மாதிரிப் பெரிய எழுத்தில், ‘மனுதாரரின் மகள்’ என்று எழுதினாள்.

“அடிச்சுத் திருத்தினா பக்கத்துல கையெழுத்துப் போடணும்,” என்றாள் அக்கா.

கண்டக்டர் போட்டாள், முழுப் பெயரையும்.