ஃப்ரிட்ஜ் கதவுச் சீட்டு

எங்கள் வீட்டில் படிப்பவள் அவள், தேய்ப்பவன் நான். என் மனைவிக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை. எனக்கு சலவைக் கடையில் இஸ்திரி. கடையில் எனக்கு வைத்த பெயர் "சூடு". ஈரமும் சூடும் சேர்ந்தால் போகாத சுருக்கம் உலகத்தில் கிடையாது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். அந்த வாயால்தான் கெட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் என் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. தனக்கிருந்த இரண்டில் ஒன்றை அவள் எனக்குக் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல் அதற்குக் காவலாளியும் ஆனாள். நான் உப்பு டப்பா பக்கம் கையை நீட்டினால் போதும், "என்னோடதைக் கொஞ்சம் பாத்து வேலை வாங்குங்க" என்பாள். எனக்கு எழுதிக் கொடுக்கும் மாத்திரை ஒவ்வொன்றுக்கும் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்து, கடைசி வரி வரை படித்த பிறகுதான் என் கையில் தருவாள். ஃப்ரிட்ஜ் கதவில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: "இவருக்கு வலி மாத்திரை கூடாது. எதுவானாலும் டாக்டரைக் கேட்ட பிறகு." வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் தண்ணீர் எடுக்கப் போகும்போது அதைப் படித்துவிட்டு வந்து என் உடம்பை விசாரிப்பார்கள். அந்த நேரத்தில் அவள் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு முழங்கால் வலி வந்தது. கீழ்த்தட்டுப் புத்தகங்களை அடுக்க நாள் முழுக்கக் குந்தி எழுந்தால் வராமல் என்ன செய்யும். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், அவ்வளவுதான். ஆறு வருடமாக அவளுக்கு ஏதாவது செய்யக் காத்திருந்தவன் நான். அன்று மாலையே மருந்துக்கடையில் போய் நின்றேன்.

கடைக்காரர் வலிக்கும் வீக்கத்துக்கும் பூசும் ஜெல் ட்யூப் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார். "யாருக்கு? வேற ஏதாவது நோய் இருக்கா, ஆபரேஷன் ஆயிருக்கா, மாத்திரை சாப்பிடறாங்களா?"

"என் மனைவிக்குங்க. அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு மாத்திரை கிடையாது. நோயாளி நான்தான்" என்றேன், பெருமையாக.

அவர் எவ்வளவு பூச வேண்டும், எத்தனை முறை என்றெல்லாம் சொன்னார். மேலே கட்டுப் போடக்கூடாது, சூடு வைக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த தாளையும் கடை வாசல் குப்பைத்தொட்டியிலேயே போட்டேன்.

வீட்டில் அவள் காலை என் மடிமேல் நீட்டிவைத்துப் பூசினேன். கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லது என்று முழங்காலிலிருந்து பாதித் தொடை வரை பூசினேன். பிறகு என் தொழில் புத்தி வேலை செய்தது. தேய்த்த கோட்டுக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் உறையைக் கிழித்துச் சுற்றி, அதன்மேல் துண்டை மடித்து இஸ்திரிப்பெட்டியில் சூடாக்கி வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தாள்ல என்ன போட்டிருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம் நான் பாத்துக்கிட்டேன்."

"சரி, இதையாவது நீங்க பாருங்க. எனக்குப் படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு" என்றாள். "கையை நல்லாக் கழுவுங்க. உங்களுக்கு ஆகாது."

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். துளி மருந்துகூட எனக்குள் போய்விடக் கூடாது, அவள் கொடுத்ததை நான் காப்பாற்ற வேண்டும் இல்லையா.

காலையும் மாலையும் பத்து நாள் இப்படி நடந்தது. வலி குறைந்தது என்றாள். முழங்கால் சிவந்து பொரிப்பொரியாய் வந்ததை, "மருந்து வேலை செய்யுது" என்று நான்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். கணுக்காலில் சாக்ஸ் பட்டையின் தடம் ஆழமாகப் பதிந்து, கழற்றி அரை மணி ஆகியும் போகவில்லை. துணியில் விழும் மடிப்பை நூறடியிலிருந்து கண்டுபிடிப்பவன் நான். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பதினொன்றாம் நாள் எனக்கு மருத்துவமனையில் மூன்று மாதப் பரிசோதனை. வழக்கம்போல அவளும் என் ஃபைலைச் சுமந்துகொண்டு வந்தாள். எங்கள் இருவரையும் ஆபரேஷன் நாளிலிருந்து தெரிந்த நர்ஸம்மா எனக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவர், குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"கால் ஏம்மா வீங்கியிருக்கு?"

அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். ஜெல், பிளாஸ்டிக் உறை, சூட்டுத் துண்டு, எல்லாவற்றையும் வாயெல்லாம் பல்லாகச் சொல்லி முடித்தேன். நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், இவங்களுக்கு எத்தனை கிட்னி இருக்கு?"

என்னையறியாமல் என் கை என் அடிவயிற்றுக்குப் போயிற்று. அங்கேதான் அவளுடையது இருக்கிறது.

"பூசற மருந்து சாதாரணமா ரத்தத்துல கொஞ்சம்தான் கலக்கும்" என்றார் அவர். "நீங்க அளவைக் கூட்டி, மூடிக் கட்டி, சூடு வச்சு, உள்ள தள்ளியிருக்கீங்க. வலி மாத்திரையில இருக்கற அதே வகை மருந்துதான் இதுலயும். இவங்க எங்களைக் கேக்காம தொடவே கூடாது. ஆபரேஷன் முடிஞ்சப்பவே உங்ககிட்டயும் சொன்னோமேம்மா?"

"சொன்னீங்க" என்றாள் அவள் மெதுவாக. "எனக்கு அவருக்குச் சொன்னது மட்டும்தான் ஞாபகத்துல நின்னுச்சு."

அன்று அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவளுடைய பரிசோதனைச் சீட்டுக்காக நான் காத்திருந்தேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறியிருந்தது. டாக்டர் ஜெல்லை உடனே நிறுத்தச் சொன்னார். தோலுக்கு வேறு மருந்து எழுதி, ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம், பெரும்பாலும் இறங்கிவிடும் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லோடு ஏழு நாள் குடித்தனம் நடத்தினேன். கடையில் ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கினேன். முப்பது வருடத்தில் அதுதான் முதல் சட்டை.

வீட்டில் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சீங்க" என்றாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எட்டாம் நாள் அளவு பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது. வீக்கமும் வடிந்துவிட்டது. முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். தோல் ஆறிய பிறகு, வலித்தால் வெறும் இளஞ்சூட்டுத் துணி வைக்கலாம், ஜெல் வேண்டாம் என்றார்கள். நூலகத்தில் கீழ்த்தட்டுக்குக் குட்டை ஸ்டூல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆறு வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டு வாங்கிய முதல் பொருள் அந்த ஸ்டூல்தான் என்று நினைக்கிறேன்.

அந்த எட்டாம் நாள் மருத்துவமனையிலிருந்து வீடு வந்ததும் நான் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். "இவளுக்கு ஒரு கிட்னிதான். இவளுக்கும் எனக்கும் வலி மாத்திரை, பூசும் மருந்து எதுவும் டாக்டரைக் கேட்காமல் கூடாது." அவள் தண்ணீர் எடுக்க வந்தவள், அதன் எதிரே அப்படியே நின்றாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"என்னை முதல்ல போட்டிருக்கீங்க" என்றாள்.

குரல் உடைந்திருந்தது. ஆபரேஷனுக்கு அழைத்துப் போன அன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனவர், திரும்பி வந்து என்னைத் தாண்டிப் போய் அவளிடம் கேட்டார்.

"உனக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தாள். நான் டீ போடப் போனேன்.