காரணம் என்ற கட்டத்தில் என் பேர்

திங்கட்கிழமை காலை என்னை ராஜபாளையம் ஆபீசுக்கு வரச்சொல்லி, முதலாளி காளிராஜ் மேசைமேல் ஒரு தாளைத் தள்ளினார். அதில் நான்கு கட்டங்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, காரணம், இனி நடக்காமலிருக்க என்ன வழி. மூன்றாவது கட்டத்தில் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார்கள்: 'பணியாளர் வெங்கடேஸ்வரியின் கவனக்குறைவு.' கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு, அவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போட்டுட்டு வேலையப் பாரும்மா" என்றார்.

"நான் பண்ணாத தப்புக்கு என் கை எதுக்கு முதலாளி?" என்று கேட்டேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை மறைத்து எனக்குப் பழக்கமும் இல்லை. பக்கத்தில் நின்ற மேனேஜர் விஜயபாண்டி அண்ணாச்சி கண்ணாலேயே, வேண்டாம், பேசாதே என்றார்.

எங்கள் கம்பெனி பேண்டேஜ் துணி செய்து வெளியூர்களுக்கு அனுப்புகிறது. ஆபீஸ் ராஜபாளையத்தில். பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள் அச்சாவது ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டில். அங்கே கம்ப்யூட்டர் என் பொறுப்பு, அச்சு மெஷின் பிரிஸ்கில்லா பொறுப்பு. முன்பெல்லாம் லேபிள் ஃபைலைப் பென்டிரைவில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். ஒரு தடவை அந்தப் பென்டிரைவ் கொண்டுவந்த வைரஸ் எங்கள் யூனிட் கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்துவிட்டது. அதன் பிறகுதான் நான் அதில் விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டேன். ராஜபாளையத்தில் விண்டோஸ் அப்படியே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு புரோகிராம் வைத்து, பொதுவாக ஒரு ஃபோல்டர். இங்கே மாற்றினால் அங்கே மாறும், அங்கே மாற்றினால் இங்கே. ஒன்றரை வருஷமாகப் பஸ்ஸில் யாரும் பென்டிரைவ் கொண்டுபோகவில்லை.

போன வெள்ளிக்கிழமை சென்னையில் சரக்கு வாங்குகிறவர்களிடமிருந்து மெயில் வந்தது. காலாவதி வருஷம் ஐந்து இல்லை, மூன்று என்று போடுங்கள் என்று. நான் லேபிளில் வருஷத்தை மாற்றினேன். திரையில் சரிபார்த்தேன். பிரிஸ்கில்லாவிடம் 'ஓட்டு' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். அவள் ஃபோல்டரிலிருந்து ஃபைலைத் திறந்து ஆறாயிரம் லேபிள் அடித்தாள். அம்புட்டிலும் பழைய வருஷம். சனிக்கிழமை ஒட்டி, சாயங்காலம் லாரி போய்விட்டது. திங்கட்கிழமை விடிந்ததும் சென்னைக் குடோனில் பார்த்துவிட்டார்கள். மருந்துச் சாமானில் காலாவதி தப்பு என்றால் சும்மா விடுவார்களா? வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் காரண அறிக்கையும், கம்ப்யூட்டர் பதிவும் வரவேண்டும், இல்லையென்றால் இனி உங்கள் சரக்கே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

"நான் மாத்துனேன். என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

"மாத்துனது எங்க போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா?" என்றார் முதலாளி. "ஓசியில கெடைக்குதுன்னு எதையோ கொண்டாந்து போட்ட. விண்டோஸும் அதுவும் மாமியா மருமக மாதிரி. என்னைக்கு ஒத்துப்போயிருக்கு? கையெழுத்தப் போடு, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு வேற போட்டுக்கிடலாம்."

"வியாழக்கிழமை வரைக்கும் டயம் இருக்குல்லா? காரணத்தக் கண்டுபிடிச்சுக் கொண்டாரேன். அதுக்கு முந்தி என் பேர எழுதாதிய."

தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். பஞ்சு மார்க்கெட்டில் கோபத்தோடுதான் பஸ் ஏறினேன். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி வரை பேண்டேஜ் கம்பெனிகள்தான். ஒரு கம்பெனியில் தும்மினால் இன்னொன்றில் கேட்கும். அந்தத் தாள் அப்படியே போனால், காலாவதியைத் தப்பாகப் போட்டவள் என்ற பேர் எனக்கு முன்னால் எல்லாக் கதவையும் தட்டியிருக்கும்.

"ஒரு கையெழுத்துதானக்கா. போட்டுத் தொலைங்க. வேலையில இருந்து எடுக்கப்போறதில்லைனு சொல்லிட்டாவல்ல" என்றாள் பிரிஸ்கில்லா, யூனிட்டுக்கு வந்து நான் விஷயத்தைச் சொன்னதும்.

"ஏட்டி, ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டியா? இன்னைக்கு எனக்குச் சொல்லுத. நாளைக்கு மெஷினு ஓட்டுனவ நீதானன்னு உன் பக்கம் திரும்புனா?"

அவள் மெஷின் பக்கம் போனாள். அடித்த லேபிளில் மிஞ்சியதை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

நான் எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான் முதலில் பார்த்தேன். இணைப்பு அறுந்ததா? அறவில்லை. அந்த ஃபைலை மாற்ற எனக்கு உரிமை இல்லாமல் போயிற்றா? இருந்தது. லினக்சுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, விண்டோசுக்கு இரண்டும் ஒன்று. அதனால் ஒரே பேரில் இரண்டு ஃபைல் உண்டாகிக் குழம்பியதா? ஒன்றுதான் இருந்தது. திங்கட்கிழமை மாலை ஒரு சோதனை லேபிளைப் போட்டு மாற்றினேன். ராஜபாளையத்தில் சரியாக மாறியது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்து தடவை மாற்றினேன். ஐந்தும் சரி. பல் வலிக்கிறது என்று டாக்டரிடம் போய் உட்கார்ந்ததும் வலி நின்றுபோன மாதிரி. நல்லா ஓடுகிறதே என்று அழுகையே வந்துவிட்டது.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பதிவை வரி வரியாகப் படித்தேன். எங்கள் லினக்ஸ் பெட்டி, எந்த ஃபைல் எப்போது வந்தது, போனது, எது எதை மாற்றியது என்று விடாமல் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். முதலாளி ஓசி என்று சொன்ன அந்தப் பெட்டிதான். வெள்ளிக்கிழமைக்கு வந்தேன்.

10.51: ராஜபாளையத்திலிருந்து லேபிள் ஃபைல் வந்தது. அது விஜயபாண்டி அண்ணாச்சி பேட்ச் நம்பர் போட்டு, முதலாளி பார்க்கத் தாளில் ஒரு சாம்பிள் எடுத்துவிட்டு அனுப்பியது. 11.20: இங்கே மாற்றப்பட்டது. அது நான். 11.21: ராஜபாளையத்து ஃபைல் பிந்தியது என்பதால் இங்கிருந்தது நீக்கப்பட்டு அது வைக்கப்பட்டது.

நான் மாற்றியிருக்கிறேன்! நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். ஆனால் 10.51க்கு வந்த ஃபைல், 11.20க்கு மாற்றிய ஃபைலைவிட எப்படிப் பிந்தியதாகும்? இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் நிற்கிற அந்தப் புரோகிராமுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எந்த ஃபைல் கடைசியாக மாற்றப்பட்டதோ அதுதான் நிற்கும், மற்றது போகும். ராஜபாளையத்து ஃபைலின் மேல் இருந்த நேரத்தைப் பார்த்தேன். பகல் 12.04.

10.51க்கு வந்து சேர்ந்த ஃபைல் 12.04க்குத்தான் எழுதப்பட்டதாம். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்த கதை. ராஜபாளையத்துக் கம்ப்யூட்டரின் கடிகாரம் அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் ஓடியிருக்கிறது. இப்போது சரியாக இருக்கிறது. அதனால்தான் என் சோதனை எல்லாம் சரியாகப் போனது.

கடிகாரம் கெட்டால் கெட்டபடியே கிடக்கும். போய்விட்டுத் தானாகத் திரும்பி வராது. ஒன்றரை வருஷத்து லேபிள்களின் நேரங்களை எல்லாம் வரிசையாக எடுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமைகளைப் பார்த்தேன். பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ராஜபாளையத்தில் எழுதிய ஃபைல் ஒன்றுகூடக் கிடையாது. பன்னிரண்டு மூன்று, பன்னிரண்டு நாலு, பன்னிரண்டு ஐந்து என்று மட்டும் குவிந்து கிடந்தன. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ஒன்றும் இல்லை.

சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை எடுத்துப் பார்க்கவேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. ராகுகாலம்.

வியாழக்கிழமை பதிவை அச்செடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனபோது மணி ஒன்றே முக்கால். முதலாளியும் விஜயபாண்டி அண்ணாச்சியும் இருந்தார்கள். தாள்களை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். நான் ஃபைலை மாற்றியதைச் சொல்லும் வரியை இரண்டு தடவை படித்தேன்.

"கடிகாரத்த யாரு திருப்புனது?" என்றார் முதலாளி.

அண்ணாச்சி முகம் வெளுத்துவிட்டது. "நாந்தான் முதலாளி. நீங்க சாந்தரம் வந்து சாம்பிள்ல கையெழுத்துப் போடும்போது, ஓரத்துல அச்சாகுற நேரத்தத்தான் மொதல்ல பார்ப்பிய. ராகுகாலத்துல எடுத்ததுன்னு ஒரு தடவ கிழிச்சுப் போட்டிய. சென்னைக்காரவிய சீக்கிரம் அனுப்பு அனுப்புன்னு உயிர எடுப்பாவ. அதான் கடிகாரத்தத் தள்ளி வச்சு எடுத்துருவேன். பொறவு திருப்பி வச்சுருவேன்."

முதலாளிக்குக் கோபம் வந்தது. லேபிளுக்காக அல்ல. "அப்ப ஒன்றரை வருசமா ராகுகாலத்துச் சாம்பிள்லயா என்னக் கையெழுத்துப் போட வச்ச?" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். என் நாலு நாள் தூக்கம் அவருக்குக் கணக்கிலேயே இல்லை.

கத்தி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரிம்மா, உன்மேல தப்பில்ல. உன் பேர எடுத்துருவோம். விஜயபாண்டி பேரப் போட்டுக் கொண்டா. கவனக்குறைவு. அம்புட்டுத்தான்."

உண்மையைச் சொல்கிறேன், முந்தின இரவு வரை அந்த வரியைத்தான் நானும் மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்துகொண்டே நாலு நாளாக என் பேரை அந்தக் கட்டத்தில் விட்டுவைத்தாரே இந்த அண்ணாச்சி என்று கறுவிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி தலையைக் குனிந்து நின்றார். கடிகாரம்தான் காரணம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது, அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் மகள் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். முதலாளி அந்தப் பேரை, திங்கட்கிழமை என்னைக் கையெழுத்துப் போடச் சொன்ன அதே குரலில், ஸ்டாம்ப் ஒட்டுகிற மாதிரி சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அதுவும் வேண்டாம் முதலாளி" என்றேன்.

"என்னது?"

"அண்ணாச்சி சொல்லாம திருப்புனது தப்புதான். ஆனா எதுக்குத் திருப்புனாவ? உங்களுக்குப் பயந்து. நேரத்தப் பார்த்து நீங்க கிழிக்கப் போய்த்தான் நேரத்தையே மாத்துனாவ. நடந்தத நடந்தபடி எழுதுவோம்."

பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தேன். பஸ்ஸில் வரும்போதே எழுதியது, காரண வரியை மட்டும் அங்கேயே நின்றபடி திருத்தினேன். 'காரணம்: மாதிரி லேபிள்கள் ராகுகாலத்தில் எடுக்கப்படக் கூடாது என்ற நிர்வாகத்தின் வழக்கத்தால் ராஜபாளையம் அலுவலகக் கணினியின் கடிகாரம் மாற்றி வைக்கப்பட்டது. அதனால் பழைய ஃபைல் புதியதாகக் கருதப்பட்டு, திருத்திய ஃபைலை நீக்கிவிட்டது. இனி: கடிகாரத்தை யாரும் கையால் மாற்ற முடியாதபடி பூட்டப்படும்.'

முதலாளி படித்தார். காது சிவந்துவிட்டது. "சென்னைக்காரன் இதப் படிச்சுட்டுச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சரக்கத் திருப்பி அனுப்பாம சிரிச்சா நல்லதுதான்."

"லேபிளு பாக்கிற ஆளு எனக்கு ஆயிரம் கெடைக்கும், தெரியும்லா?"

"கெடைப்பாவ. ஆனா அறிக்கையோட கம்ப்யூட்டர் பதிவையும் கேட்டுருக்காவ. அதுல ஒரு எழுத்தக்கூட நான் மாத்தமாட்டேன். என் பேரு போட்டாலும், அண்ணாச்சி பேரு போட்டாலும், பதிவு வேற கதைதான் சொல்லும். பொறவு பொய் சொன்ன கம்பெனின்னு எழுதுவாவ. என்ன வேலைய விட்டு நிறுத்தணும்னா நிறுத்துங்க. அதுக்கும் காரணத்தத் தாள்ல எழுதிக் குடுங்க."

அவர் தாளைத் திரும்பவும் எடுத்தார். "ராகுகாலம்ங்கிற வார்த்தைய மட்டுமாவது எடுத்துரும்மா."

"எடுத்தா கடிகாரம் ஏன் மாறுச்சுன்னு கேப்பாவ. அப்ப யார் பேரச் சொல்லுவிய?"

பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில், "இப்ப ராகுகாலம். மூணு மணிக்கு மேல போடுதேன். நீ போயிட்டு நாளைக்கு வா" என்றார்.

நம்பிக்கை அவருடையது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நான் கதவைத் தாண்டியதும் அந்தத் தாளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"இருந்து வாங்கிட்டே போறேன் முதலாளி" என்று சொல்லி, அவருக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பத்து வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவர் ஃபோனை எடுத்தார், வைத்தார். யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். நான் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் அண்ணாச்சியைப் பார்த்து, "ஏலே, மூணு ஆயிருக்கும்லா?" என்றார். ஆயிற்று என்று சொல்லேன் என்கிற கேள்வி அது. ஒன்றரை வருஷமாக அந்தக் கேள்விக்கு அண்ணாச்சி சொல்லிவந்த பதில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அண்ணாச்சி தலையை நிமிர்த்தினார். "இல்ல முதலாளி. ரெண்டு நாப்பது. இன்னும் இருபது நிமிசம் கெடக்கு."

இருபது நிமிஷமும் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு அவர் கையெழுத்துப் போட்டார். மேலே யார் பேரும் இல்லை, கீழே அவர் பேர் மட்டும் இருந்தது.