சினிமாக் கொட்டகையில் பூத்த கஞ்சா

சரந்தி ஊர்க் கஞ்சாச் சங்கத்தின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் நில்தா பெரெய்ரா. கஞ்சா வளர்க்க அனுமதிக்கும் சட்டம் வருவதற்கு முன்னால் தக்காளிச் செடிகளுக்கு நடுவே ஒளித்து வளர்த்தவள், இப்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு பசுமைக்குடிலில் தண்ணீர் ஊற்றினாள். விளைவது முழுக்க உறுப்பினர்களுக்கு. கசாப்புக்காரர், கணக்கு டீச்சர், பல் டாக்டர் என்று பாதி ஊர் சங்கத்தில் இருந்தது. போன வருடம் பூஞ்சணம் பிடித்து எல்லாம் பாழானது. இந்தக் கோடையில் தொட்டிச் செடிகள் மொட்டுக் கட்டியதும் அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

பக்கத்து நிலத்துக்காரர் மில்டன் எச்செபாரே வேலியோரச் சோளத்தை அறுத்த பிறகுதான் பின்னால் நின்றது தெரிந்தது. அதுவும் கஞ்சா. போதை ஏறாத ரகம், விதைக்காகப் போட்டது. ஆண் செடிகளில் மகரந்தப் பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அவை வெடித்துக் காற்றும் இந்தப் பக்கம் அடித்தால், நில்தாவின் பூவெல்லாம் விதை வைத்துவிடும். விதை வைத்த பூவை எந்த உறுப்பினரும் வாங்க மாட்டார்.

சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்கு வழக்குப் போடலாம் என்றார்கள். தீர்ப்பு வரும்போது தொட்டியில் புல்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, நில்தா மொபெட்டை எடுத்துக்கொண்டு மில்டன் வீட்டுக்குப் போனாள்.

அவர் யூகலிப்டஸ் நிழலில் மாத்தே என்னும் மூலிகைத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு யாரோடும் அதிகம் பேசாத மனிதர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, குடுவையில் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"எனக்கும் லைசென்ஸ் இருக்கு, நில்தா. உங்களுக்கும் இருக்கு. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வெச்சவன் தலைநகரத்துல இருக்கான்."

"அவனுக்கு ஒண்ணும் கெடாது. என் செடிதான் கெடும்."

"ஆண் செடியை வெட்டிட்டா எனக்கு விதை ஏது?"

சண்டை போடத்தான் வந்திருந்தாள். ஆனால் அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. மாத்தேயை உறிஞ்சிவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"காத்து புகாத இடம் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" என்று மில்டன் கேட்டார்.

"இருந்தா இங்க எதுக்கு வர்றேன்?"

"அப்பாவோட சினிமாக் கொட்டகை பூட்டித்தான் கிடக்கு. ஜன்னலே கிடையாது. வௌவால் மட்டும் இருக்கும், விரட்டிக்கலாம்."

நில்தா அவரையே பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இடம் மாற்ற அரசாங்க அனுமதி வேண்டும். அதுவரை மகரந்தப் பைகள் பொறுக்காது என்று இருவருக்கும் தெரிந்தது. மறுநாள் காலை நில்தா குடிலுக்கு வந்தபோது வேலிக்கு அப்பால் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கம் இருந்த அகலமான பட்டையை மில்டன் அப்படியே வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். அவள் அதைக் கேட்டிருக்கவில்லை. மீதி நிலம் ஆற்றுப் பக்கமாகப் பிந்தி விதைத்தது, அங்கே பைகள் இன்னும் சிறுத்தே இருந்தன.

உறுப்பினர்கள் கொட்டகையைப் பெருக்கி, விளக்கும் மின்விசிறியும் மாட்டினார்கள். ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி பூட்டையும் கதவையும் சோதித்தாள். போகும்போது, தான் பிறந்த ஊரிலும் இப்படி ஒரு கொட்டகை இருந்ததென்றும், அது இப்போது டயர் கடையென்றும் சொன்னாள். அனுமதி வந்த அன்றே ஆடு ஏற்றும் லாரியில் தொட்டிகள் ஊருக்குள் வந்தன. மில்டன் லாரியை மிக மெதுவாக ஓட்டியதில் நாய்கள்கூட அலுத்துப்போய்க் குரைப்பதை நிறுத்திவிட்டன.

சரிவான தரையில் தண்ணீர் திரைப் பக்கமாக ஓடித் தேங்கியது. நாற்காலிக் கால்களை அறுத்துத் தொட்டிகளுக்கு அடியில் கட்டை கொடுத்து அதையும் சரிசெய்தார்கள். வெளியே காற்றில் மகரந்தம் மஞ்சளாகப் பறந்த நாட்களில் உள்ளே பூக்கள் பிசுபிசுவென்று தடித்தன. அறுவடையில் ஓரிரண்டு செடியில்தான் விதை இருந்தது. மில்டனுக்கும் மீதி நிலத்தில் நல்ல விதை கிடைத்தது.

பங்கு வாங்க வந்த உறுப்பினர்கள் பின்வரிசையில் விட்டுவைத்திருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். புகையே பிடிக்காத மில்டன் எதற்கு வந்தார் என்று கசாப்புக்காரர் கிண்டலாகக் கேட்டார். கொட்டகை என்னுடையதாச்சே என்றார் மில்டன். நில்தா தன் பக்கத்து நாற்காலியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வந்து உட்கார்ந்தார்.