காகிதக் கப்பில் பிடித்த தண்ணீர்

குடிதண்ணீரைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் காலை பத்து மணிக்கு எல்லா வேலையும் நின்றுவிடும். காபிக்காரர் பிளாஸ்க்கும் காகிதக் கப் அடுக்குமாக வந்துவிடுவார். கெட்டது எதுவும் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய தண்ணீர் ஒரு மேசையில் காத்திருக்கும். பார்க்க வேண்டியவர்கள் இன்னொரு மேசையைச் சுற்றி நின்று ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

காகிதக் கப்பை அங்கே கொண்டுவந்தவர் ஆய்வுக்கூடத் தலைவர். கதவுக் கைப்பிடியைக்கூடக் கையுறை போட்டுத்தான் தொடுவார் என்பதால் அவருக்கு ‘கிளவுஸ் சார்’ என்று பெயர். எதிரில் வெறும் ‘சார்’. முன்பு ஆளுக்கொரு பீங்கான் கோப்பை இருந்தது. குடிக்க நான் முந்தி நீ முந்தி; கழுவத்தான் ஆளே இல்லை. ஒரு கோப்பையில் பூஞ்சை முளைத்து, அதற்கு யாரோ செல்லப் பெயரும் வைத்த அன்று அவர் எல்லாக் கோப்பைகளையும் தூக்கிப் போட்டார். உறை பிரிக்காத காகிதக் கப்பைவிடச் சுத்தமான பொருள் இந்தக் கட்டடத்திலேயே கிடையாது என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினார்.

அதை அப்படியே நம்பியவள் ‘புதுசு’. சேர்ந்து ஒரு வருடம் ஓடி, ஏழு மாத வயிறு அவளுக்கு முன்னால் அறைக்குள் நுழைய ஆரம்பித்த பிறகும் அவள் புதுசுதான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிரசவத்துக்கு முன் கிளவுஸ் சார் பரிந்துரை எழுதினால் சம்பளத்தோடு விடுப்பு. எழுதாவிட்டால் விடுப்பு மட்டும்தான், அதுவும் நிரந்தரமாக. அந்த வாரம் எழுதுவதாக அவர் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் பார்த்துத்தான் அது நடந்தது. எந்தச் சோதனைக்கும் முன்னால், காய்ச்சி வடித்த சுத்த நீரை ஒரு தடவை மெஷினில் ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். அதில் ஒன்றும் இல்லை என்று மெஷின் சொன்னால்தான், பிறகு அது சொல்வதை நம்பலாம். அன்று அந்தச் சுத்த நீரில் என்னென்னவோ இருந்தது. அதை யாரும் கவனிப்பதற்குள் அன்றைய சோதனைகள் முடிந்திருந்தன. அத்தனையும் வீண்.

மறுநாள் காலை காபி வேளையில் கிளவுஸ் சார் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். ‘தாடி’ என்ற சக ஊழியன் பழியை மெஷின்மேல் போட்டான். திருப்பிப் பேசாத ஒரே சக ஊழியர் அதுதான். புதுசு மறைக்கவில்லை. கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் கழுவப் போயிருந்ததால், காய்ச்சி வடிக்கும் கருவியிலிருந்து சூடாக இறங்கிய சுத்த நீரைப் புதுக் காகிதக் கப்பில் பிடித்துவைத்ததாகச் சொன்னாள்.

அவர் கத்தவில்லை. பாடம் நடத்தினார். அதற்குக் கத்தியிருக்கலாம்.

“ஏம்மா, பேருதான் காகிதக் கப்பு. ஒழுகாம இருக்க உள்ள மெல்லிசா பிளாஸ்டிக் பூசியிருக்காங்க. சூடா ஊத்தினா அது துகள் துகளா தண்ணிக்குள்ள வந்துடும், கண்ணுக்கே தெரியாது. சூடான எதையும் பிளாஸ்டிக்ல வைக்கக் கூடாதுங்கறது இங்க மொத பாடம். அது தெரியாதவங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எப்படி எழுதறது?”

சொல்லிவிட்டு, தொண்டை காய்ந்துபோனதால், கையிலிருந்த கப்பிலிருந்து ஒரு வாய் காபி குடித்தார். தாடி தன் கப்பை ஓசைப்படாமல் மேசைமேல் வைத்தான்.

வாயை மூடிக்கொண்டு நகர்ந்தால் வேலை பிழைக்கலாம் என்று புதுசுக்குத் தெரியும். ஆனாலும் நகரவில்லை.

“தப்புதான் சார். குடுவை வர்ற வரைக்கும் காத்திருந்திருக்கணும். ஆனா ஒண்ணு கேக்கறேன். டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு காபிதான்னு சொல்லியிருக்காங்க. அந்த ஒண்ணையும் நான் இந்தக் கப்புலதான் குடிக்கறேன். மெஷினுக்கு ஆகாதது என் புள்ளைக்கு ஆகுமா சார்?”

அதற்குள் வாயில் எடுத்திருந்த அடுத்த மடக்குக் காபியை என்ன செய்வது என்று கிளவுஸ் சாருக்குத் தெரியவில்லை. துப்பினால் மரியாதை போகும், விழுங்கினால் பாடம் போகும். கடைசியில் விழுங்கினார். மோசமான மனிதர் இல்லை அவர். தனக்குத் தெரிந்ததையெல்லாம் சோதனை மேசையிலேயே விட்டுவிட்டுக் காபி மேசைக்கு வந்து பழகியவர், அவ்வளவுதான். அவளை உட்காரச் சொன்னார். இதனால் உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று தனக்கே சரியாகத் தெரியாது என்றார். ஆனால் தவிர்க்க முடிந்ததை எதற்கு வயிற்றுக்குள் அனுப்ப வேண்டும் என்று, பாதி அவளிடமும் பாதி தன்னிடமுமாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காபிக்காரரிடம், கப் வேண்டாம், காபி மட்டும் போதும் என்றார். பிளாஸ்க்கின் உள்பக்கம் எவர்சில்வர்தானா என்று மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு பை நிறைய எவர்சில்வர் டம்ளர்களும் வாங்கி வந்திருந்தார். யார் கழுவுவது என்ற பழைய கேள்வியைத் தாடி ஆரம்பிப்பதற்குள், தன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

பரிந்துரை எழுதிவிட்டதாகப் புதுசிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியது. நன்றி சொல்ல வந்தவளைக் கையமர்த்தினார்.

“நன்றி நான்தாம்மா சொல்லணும். சோதனைத் தண்ணியப் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டோம். ஒரு டம்ளரக் கழுவச் சோம்பல்பட்டு, சூட்டோட சூடா பிளாஸ்டிக்க நம்ம உடம்புக்குள்ளயே ஊத்திக்கிட்டோம். சூடான காபிய எவர்சில்வர்லயோ கண்ணாடியிலயோ பீங்கான்லயோதான் குடிக்கணும். தண்ணி கெட்டா கீழ ஊத்திட்டு வேற பிடிச்சுக்கலாம். உடம்பு கெட்டா எங்க போய்ப் பிடிக்கறது?”